மலிவான ஊர் என்ற பெயரும் எட்டாத வாடகையும்

அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில் வாழ்க்கைச் செலவு குறைவு என்று ஒரு பெயர் உண்டு. நியூயார்க், சான் பிரான்சிஸ்கோ வாடகையோடு வைத்துப் பார்த்தால் அது பொய்யும் அல்ல. ஆனால் ஓர் ஊரின் வாடகையை அந்த ஊரில் வேலை செய்பவரின் சம்பளத்தைக் கொண்டுதான் அளக்க வேண்டும். அயோவா சிட்டியையே எடுத்துக்கொள்வோம். 2020 கணக்கெடுப்பின்படி அங்கே 74,828 பேர் வசிக்கிறார்கள். அயோவா பல்கலைக்கழகத்தில் படிப்பவர்கள் மட்டும் 30,000-க்கு மேல். அந்த மாநிலத்தின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 7.25 டாலர், 2008 முதல் அது ஏறவே இல்லை. வாரம் 40 மணி நேரம், ஆண்டு முழுவதும் ஒரு நாள் விடாமல் உழைத்தாலும் கிடைப்பது 15,080 டாலர். வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வீட்டுக்குப் போகக் கூடாது என்பது அமெரிக்க அரசு வைத்திருக்கும் அளவுகோல். அந்தக் கணக்கில் மாத வாடகை 377 டாலரைத் தாண்டக் கூடாது. நடைமுறையில் பலர் குறைந்தபட்ச ஊதியத்தைவிடக் கூடுதலாகவே வாங்குகிறார்கள். இரு மடங்கு சம்பளம் என்றாலும் 754 டாலர்தான் ஆகிறது. நகர மையத்தை ஒட்டி ஒரு படுக்கையறை வீடு பிடிக்க அது போதாது. அயோவா சிட்டி அமைந்துள்ள ஜான்சன் கவுண்டி 2015-இல் ஊதியத்தைப் படிப்படியாக 10.10 டாலர் வரை உயர்த்த முடிவெடுத்தது. 2017-இல் மாநில சட்டமன்றம் அதைச் செல்லாததாக்கியது. சம்பளத்தை உயர்த்தும் வழி அடைபட்ட ஊரில் வாடகையின் சுமை இன்னும் கூடுதலாகவே அழுத்தும்.

வாடகை இப்படி ஏறுவதற்கு வீட்டு உரிமையாளர்களின் பேராசை ஒன்றையே காரணமாகச் சொல்லிவிட முடியாது. முதலாண்டு மாணவர்களில் பெரும்பாலோர் விடுதியில் தங்குகிறார்கள். அடுத்த ஆண்டு வெளியே வீடு தேடுகிறார்கள். வீட்டு ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஆகஸ்ட் தொடக்கத்தில் ஆரம்பித்து ஜூலைக் கடைசியில் முடிகின்றன. ஆகஸ்டில் குடியேற வேண்டிய வீட்டுக்குப் பல மாதங்கள் முன்பே கையெழுத்தாகிவிடுகிறது. நான்கு மாணவர்கள் சேர்ந்து நான்கு படுக்கையறை வீட்டை எடுக்கும்போது, உரிமையாளர் வாடகையைத் தலைக்கு இவ்வளவு என்றே கணக்கிடுகிறார். நான்கு குடும்பங்களின் பணம் ஒரு வீட்டு வாடகைக்குள் சேர்கிறது. மருத்துவமனையில் துப்புரவு வேலை பார்க்கும் ஒருவர் தம் ஒரே சம்பளத்தை வைத்துக்கொண்டு இரண்டு குழந்தைகளோடு அதே வீட்டுக்குப் போட்டியிட முடியாது. ஆக, தேவை இப்படிக் குவியும் ஊரில் வீடுகளின் எண்ணிக்கை பெருகாமல் வாடகை தணியாது. நகரத்தின் எல்லாப் பகுதிகளிலும் சிறிய, நடுத்தர அடுக்ககங்கள் எழ இடம் கொடுக்க வேண்டும் என்பதே என் வாதம்.

அயோவா சிட்டி நெடுங்காலம் வேறு வழியில்தான் போனது. மையத்துக்குத் தெற்கே ஒரு பகுதியில் உயரமான கட்டடங்களுக்கு அனுமதி கொடுத்து, மற்ற குடியிருப்புப் பகுதிகளின் பெரும்பாகத்தைத் தனி வீடுகளுக்கென்றே வைத்திருந்தது. உறவு முறை இல்லாதவர்கள் ஒரு வீட்டில் இத்தனை பேர்தான் தங்கலாம் என்ற கட்டுப்பாட்டை மாநிலம் 2017-இல் தடை செய்தது. உடனே நகர மன்றம் சில பகுதிகளில் வாடகை வீடுகளுக்கு 30 சதவீத உச்சவரம்பு வைத்தது. 2019-இல் அதற்கும் மாநிலம் தடை போட்டது. அக்கம்பக்கத்து அமைதியைக் காக்கும் எண்ணம் புரிந்துகொள்ளக் கூடியதே. ஆனால் வாடகை வீடுகளைக் குறைத்தால் வாடகைக்கு வருபவர்கள் குறைந்துவிடுவதில்லை. இருக்கும் வீடுகளின் விலைதான் கூடுகிறது. 2023-இல் நகர மன்றம் இரட்டை வீடுகளுக்கான விதிகளைத் தளர்த்தியது சரியான அடி. அதோடு நின்றுவிடக் கூடாது.

கட்டினால் வாடகை குறையும் என்பதற்குச் சான்று என்ன என்று கேட்கலாம். அண்டை மாநிலமான மினசோட்டாவின் மினியாபொலிஸ் நகரம் தனி வீட்டு மண்டலங்களை ஒழித்தது. பேருந்துத் தடங்களை ஒட்டி அடுக்ககங்களை அனுமதித்தது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் இத்தனை கார் நிறுத்துமிடம் என்ற கட்டாயத்தையும் நீக்கியது. பியூ நிறுவனத்தின் ஆய்வுப்படி, 2017 முதல் 2022 வரை அங்கே வீடுகள் 12 சதவீதம் பெருகின, வாடகை 1 சதவீதமே உயர்ந்தது. மினசோட்டாவின் மற்றப் பகுதிகளில் வீடுகள் 4 சதவீதம் பெருக, வாடகை 14 சதவீதம் ஏறியது. மினியாபொலிஸை ஒட்டிய செயின்ட் பால், 2021 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் ஆண்டு வாடகை உயர்வை 3 சதவீதத்துக்குள் கட்டியது, புதிய கட்டடங்களையும் சேர்த்து. கட்டட அனுமதி கோருவோர் சடாரென்று குறைந்தார்கள். அடுத்த ஆண்டே புதிய கட்டடங்களுக்கு 20 ஆண்டு விலக்கு அளிக்க வேண்டியதாயிற்று. வாடகைக் கட்டுப்பாட்டை விரும்புவோரின் அக்கறையை நான் மதிக்கிறேன். இருக்கும் குடித்தனக்காரரைத் திடீர் உயர்விலிருந்து அது காக்கவும் செய்யும். புதிதாக வீடு தேடி வருபவருக்கு அது ஒன்றும் தராது. அயோவாவில் மாநிலச் சட்டமே நகரங்கள் வாடகைக் கட்டுப்பாடு கொண்டுவருவதைத் தடுக்கிறது.

புதிய கட்டடங்கள் எல்லாம் வசதியானவர்களுக்கே என்பது வலுவான மறுப்பு. புது அடுக்ககத்தின் வாடகை ஏழைக்கு எட்டாது என்பது உண்மை. ஆனாலும் பணமுள்ள மாணவர் புதிய கட்டடத்துக்குப் போனால் பழைய வீட்டுக்கான போட்டியில் ஒருவர் குறைகிறார். அதுவும் போதாத குடும்பங்கள் எப்போதும் இருக்கும். அமெரிக்காவில் அரசின் வாடகை உதவிக்குத் தகுதியுள்ள குடும்பங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கே அது கிடைக்கிறது. மற்றவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். சந்தை தொடாத இந்த இடத்தை அரசின் பணம்தான் நிரப்ப வேண்டும். பல்கலைக்கழகமும் தன் பங்கைத் தட்டிக்கழிக்க முடியாது. மாணவர்களைச் சேர்ப்பது அது. அவர்களுக்கு வீடு தேடித் தரும் பாரம் ஊரின் தலையில் விழுகிறது. எத்தனை மாணவர்களைச் சேர்க்கப் போகிறோம், அவர்களில் எத்தனை பேருக்கு நம் விடுதியில் இடம் உண்டு என்ற கணக்கைப் பல்கலைக்கழகம் ஒவ்வோர் ஆண்டும் நகர மன்றத்தின் முன் வைக்க வேண்டும். அந்தக் கணக்கைப் பார்த்த பிறகே மன்றம் அந்த ஆண்டின் கட்டட அனுமதிகளைத் திட்டமிட வேண்டும்.