உயில் எழுதாமல் இறந்தால் சொத்து யாருக்கு? பெண் என்றால் கணக்கே வேறு!

"உயில் எதுக்கு? நமக்கு அப்புறம் எல்லாம் குடும்பத்துக்குத்தானே வரப்போகுது?" பல வீடுகளில் கேட்கும் பேச்சு இது. ஆனால் அந்தக் 'குடும்பம்' யார் என்பதைச் சட்டம்தான் முடிவு செய்யும். இறந்தவர் ஆணா, பெண்ணா என்பதைப் பொறுத்து வாரிசு வரிசையே மாறிவிடும். இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956 என்ன சொல்கிறது?

ஆண் இறந்தால்?

ஒருவர் சொந்தமாகச் சம்பாதித்த சொத்து மனைவி, மகன், மகள், தாய் ஆகியோருக்குச் சமமாகப் போகும். மனைவி, 2 பிள்ளைகள், தாய் என 4 பேர் இருந்தால் ஆளுக்குக் கால் பங்கு. "மகளுக்குத்தான் சீர் செஞ்சு கட்டிக் கொடுத்தாச்சே" என்ற பேச்சு செல்லாது. ஏற்கெனவே இறந்துபோன மகன் அல்லது மகளின் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. இந்த முதல் பட்டியலில் தந்தை இல்லை. இதில் ஒருவர்கூட இல்லாதபோதுதான் அவர் முறை வரும்.

பெண் இறந்தால்?

சிக்கலே இங்கேதான். முதலில் கணவர், மகன், மகள். இறந்துபோன பிள்ளைகளின் பிள்ளைகளும் இதில் அடக்கம். யாருமே இல்லை என்றால், அடுத்து கணவரின் வாரிசுகள். அதற்கும் பிறகுதான் பெற்ற தாய், தந்தை!

அதாவது, கணவரை இழந்த, பிள்ளைகள் இல்லாத ஒரு பெண் தன் சம்பளத்தில் வாங்கிய வீடு, அவருடைய அம்மாவைத் தாண்டி மாமியார் வீட்டுக்குப் போய்விடும்.

இப்படி ஒரு வழக்கில் 2009-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திருமணமான 3 மாதத்தில் கணவர் இறந்துவிட, புகுந்த வீட்டிலிருந்து விரட்டப்பட்ட பெண் அவர். தாய் வீட்டில் இருந்து படித்து, வேலைக்குப் போய்ச் சேர்த்த சொத்து, அவர் இறந்த பிறகு கணவரின் உறவினர்களுக்கே போனது. அனுதாபத்தை வைத்துச் சட்டத்தை மாற்ற முடியாது என்பதே நீதிமன்றத்தின் நிலைப்பாடு.

விதிவிலக்கு இல்லையா?

உண்டு. பெற்றோரிடமிருந்து வாரிசு முறையில் வந்த சொத்து என்றால், பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இல்லாத நிலையில் அது தந்தையின் வாரிசுகளுக்கே திரும்பும். கணவர் உயிரோடு இருந்தாலும் அவருக்குப் பங்கு இல்லை. ஆனால் சொந்தச் சம்பாத்தியத்துக்கு இந்தச் சலுகை கிடையாது.

நாமினி போட்டால் போதுமா?

போதாது. வங்கிக் கணக்கில் நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான். உரிமை சட்டப்படியான வாரிசுகளுக்கே.

என்ன செய்யலாம்?

உயில் எழுதுவது ஒன்றுதான் வழி. முத்திரைத்தாள் தேவையில்லை; வெள்ளைத்தாளே போதும். எழுதியவர் கையெழுத்துப் போட வேண்டும், குறைந்தது 2 சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். சொத்து பெறப்போகிறவரைச் சாட்சியாக வைக்காமல் இருப்பது நல்லது. பதிவு கட்டாயம் இல்லை. ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டால், பின்னாளில் "இது போலி உயில்" என்று யாரும் எளிதில் கிளம்ப முடியாது.

கிறிஸ்தவர்களுக்கும் இஸ்லாமியர்களுக்கும் வாரிசுரிமை விதிகள் தனி. அங்கே பங்குக் கணக்கும் மாறும்.