கப்பலை வாங்கலாம், தலைவனை?

தோழரே,

பிள்ளையார்பாளையத்துத் தெருக்களிலே தறியோசை கேட்கும்; கடலோசை கேட்பதில்லை. எனினும் இன்று உம்மைக் கடற்பக்கம் அழைக்கிறேன், காரணத்தோடுதான்.

1947இல் விடுதலை வந்தது. கோட்டையிலே கொடி மாறிற்று. கடற்படைத் தலைமையோ மாறவில்லை! தரைப்படைக்கு 1949இல் இந்தியர் தலைமையேற்றார், விமானப்படைக்கு 1954இல். கடற்படைக்கு மட்டும் 1958 ஏப்ரல் வரை ஆங்கிலேயரே தளபதி. ஏன்? வீரமில்லையா? கப்பலில்லையா? 'டெல்லி' எனும் போர்க்கப்பல் 1948லேயே பிரிட்டனிலிருந்து வந்துவிட்டதே! கப்பல் வந்தது, பெரும்பொறுப்பைச் சுமந்து பழகிய மூத்த அதிகாரிகள் போதவில்லை. பணம் கொடுத்தால் கப்பல் கிடைக்கும்; பக்குவம் கிடைத்திடக் காலமும் பயிற்சியும் வேண்டும்.

அந்தப் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர், நமக்கு அருகிலுள்ள செங்கற்பட்டிலே பிறந்த ராம் தாஸ் கட்டாரி. ஓய்வுக்குப் பின் அவரைத் தேடி வந்தவை எவை தெரியுமா? ஆந்திர அரசின் பேருந்துக் கழகத் தலைமை! பர்மாவுக்கான தூதர் பதவி! அலைகளுக்கு நடுவே ஆணையிட்டவர், கணக்கேட்டுக்கும் கலந்துரையாடலுக்கும் தேவைப்பட்டார்.

தளபதியின் பணி பீரங்கி முழக்குவது மட்டுமா? பழுதுபார்க்கும் தளம், பண்டகசாலை, பல்லாயிரம் ஊழியர், கோடிக்கணக்கான செலவு — அத்தனையும் அவர் தலையிலே. இதை உணர்ந்தே 1960இல் தில்லியில் தேசியப் பாதுகாப்புக் கல்லூரி எழுந்தது. 1970இல் செகந்திராபாத்தில் முப்படை அதிகாரிகளுக்கு நிர்வாகம் கற்பிக்கவென்றே தனிக் கல்விக்கூடம் தோன்றிற்று. தோளிலே பட்டயம் மின்ன, தலையிலே நரை படர, மீண்டும் மாணவராய் அமர்கின்றனர் மூத்த அதிகாரிகள். அமர்வதால் அவர் பெருமை குறைவதில்லை, வளர்கிறது!

காஞ்சிப் பட்டின் கோர்வையை அறிவீர். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டும் பிரியாதபடி பிணைப்பதே நம் நெசவாளியின் கைத்திறன். போர்த்திறன் உடல் எனில் நிர்வாகத்திறன் கரை. பிணைப்புத் தளர்ந்தால் புடவை நில்லாது, படையும் நில்லாது.

நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் மட்டும் நிற்குமோ? பட்டும் ஜரிகையும் என்ன விலைக்கு வந்தன, தேங்கிய சரக்கு எவ்வளவு, கூலிப் பாக்கி எத்தனை — ஏட்டைப் படிக்கத் தெரியாத இயக்குநர் கையெழுத்திட்டால், காய்வது தறியிலே குனிந்தவன் வயிறல்லவா?

எனவே, நாளை சங்கத்திலோ நகர்மன்றத்திலோ பொறுப்பேற்க விழையும் தோழரே, மாலைக்குக் கழுத்தை நீட்டுமுன் பாடத்துக்குச் செவியை நீட்டிடுக! அந்தப் பாடத்தைத் தூய தமிழிலே, தெளிவாகக் கற்பித்திட வேண்டுமென்று அரசைக் கேட்டிடுக! கடற்படைத் தளபதிக்குத் தேவைப்படும் பயிற்சி, கைத்தறிச் சங்கத் தலைவருக்குத் தேவையற்றதாகிடுமா?