சந்துக்குள் மெஷின் வராதா?

மலக்குழியில் ஒருவர் பலியான மறுநாள் நம் காதில் விழும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: ‘அந்தச் சந்துக்குள்ளே மெஷின் வராது.’ இளைய தோழர்கள் சிலரும் இதை நம்புகிறார்கள். தொழில்நுட்பம் வளரட்டும், மாறிவிடும் என்கிறார்கள். அவர்களோடு கொஞ்சம் கப்பலைப் பற்றிப் பேச விரும்புகிறோம்.

கனரகச் சரக்குக் கப்பல் என்று ஒரு வகை உண்டு. பெரிய மின்மாற்றி, ரயில் எஞ்சின், எண்ணெய் ஆலைக்கான கலன், இழுவைப் படகு, சில வேளை இன்னொரு துறைமுகத்துக்கான கிரேன் என்று கன்டெய்னரில் அடங்காததெல்லாம் இதில் போகும். சரக்கு இறங்கவேண்டிய துறைமுகம் பலவற்றில் அவ்வளவு எடையைத் தூக்க கிரேன் கிடையாது. அதற்காக யாரும் ‘அங்கே வசதியில்லை, ஆளை விட்டு இறக்குங்கள்’ என்பதில்லை. கப்பலே கிரேனைச் சுமந்துகொண்டு போகிறது. நெதர்லாந்தின் ‘ஜம்போ கைனடிக்’ கப்பலில் தலா 1,500 டன் தூக்கும் கிரேன்கள் இரண்டு. சேர்ந்து பிடித்தால் 3,000 டன். ஆளுக்கு 70 கிலோ என்று வைத்தால் 40,000 பேருக்கு மேல்!

சரக்கு தரையைவிட்டு எழும்புமுன்பே அதன் எடை, ஈர்ப்பு மையம், கொக்கி மாட்டும் இடம், வடத்தின் தாங்குதிறன் எல்லாம் கணக்கிடப்பட்டிருக்கும். கிரேன் வெளியே நீளும்போது கப்பல் சாயும். நிமிர்த்துவதற்குத் தொட்டிகளில் இருக்கும் நீரை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் இறைக்கிறார்கள். போதாவிட்டால் பக்கத்தில் மிதவை பொருத்துகிறார்கள். காற்று பலமானால் வேலை நிற்கும். தொங்கும் சுமைக்குக் கீழே யாரும் நிற்கக் கூடாது என்பது பாலபாடம். ஒரு மின்மாற்றி கீறல் விழாமல் போய்ச்சேர இத்தனை ஏற்பாடு. (காப்பீட்டுக்காரர் கேள்வி கேட்பார் அல்லவா!)

இனி நம் ஊருக்கு வருவோம். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்த 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகள், வேறு வழியே இல்லாமல் குழிக்குள் இறங்குபவருக்கு வாயு அளக்கும் கருவி, காற்று ஊதும் கருவி, உடல் பட்டை, முக்காலி என்று ஒரு பட்டியலே தருகின்றன. முக்காலி என்றால் என்ன? குழிவாயின் மேல் மூன்று கால் ஊன்றி நிற்கும், கையால் சுற்றும் குட்டி கிரேன். தூக்கவேண்டியது 1,500 டன் இல்லை, ஒரே ஒரு மனிதரை. மடக்கினால் தோளில் போட்டுக்கொண்டு நடக்கலாம். எந்தச் சந்தில் அது நுழையாது?

குழிக்குள் ஆளை இறக்கவே கூடாது என்பதுதான் நம் கோரிக்கை. முக்காலியைப் பற்றிப் பேசுவது, அதைக்கூட வைக்காதவர்கள் சந்தின் அகலத்தைக் காட்டி தப்பிப்பதால். இறங்குகிறவர்களில் ஆகப் பெரும்பாலோர் தலித்துகள். தமிழ்நாட்டில் குறிப்பாக அருந்ததியர். மெஷினைவிட மலிவாக ஒரு சாதியின் உடல் கிடைக்கும்போது மெஷினுக்கு யார் செலவழிப்பார்? இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக 2023இல் உச்ச நீதிமன்றம் உயர்த்தியது. அதையும் வாங்குவதற்குள் குடும்பங்கள் அலைந்து ஓய்ந்துவிடுகின்றன.

தோழர்களே, உங்கள் நகராட்சிக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். முக்காலி எத்தனை இருக்கிறது, எந்த ஆண்டு வாங்கியது, கடைசியாக எந்தத் தேதியில் எந்தத் தெருவுக்குப் போனது, இப்போது எந்த அறையில் பூட்டியிருக்கிறது, சாவி யாரிடம்?