வேணும் என்பதும் விசுவாசம் என்பதும்

கோடை விடுமுறையில் இரண்டு வாரம் அயல்நாடு சென்று, அங்குள்ள ஏழை எளிய மக்களிடையே தொண்டு செய்து, நற்செய்தி அறிவித்துத் திரும்பும் வழக்கம் இன்று உலகின் பல பங்குகளில் பரவியிருக்கிறது. அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் கொரியாவிலிருந்தும் இளைஞர் குழுக்கள் ஆப்பிரிக்காவிற்கும் ஆசியாவிற்கும் புறப்படுகின்றன. பள்ளிச் சுவருக்கு வர்ணம் பூசுகிறார்கள், சிறுவர்க்குப் பாட்டுக் கற்றுக் கொடுக்கிறார்கள், கண்ணீரோடு விடைபெறுகிறார்கள். இத்தகைய குறுகிய காலப் பயணத்தால் விசுவாசம் வளருமா? வளரும் என்றால் யாருடைய விசுவாசம்? சென்றவருடையதா, வரவேற்றவருடையதா? மறைபரப்பு ஞாயிறன்று உண்டியலில் காசு போட்டதோடு கடமை முடிந்தது என்று எண்ணாத ஒவ்வொரு மாணவியும் சிந்திக்க வேண்டிய கேள்வி இது.

விடை தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் தமிழகத்தின் முத்துக்குளித்துறையே விடை சொல்லும்.

அங்கே வாழ்ந்த பரதவ மக்கள் 1536-ஆம் ஆண்டையொட்டி ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஆனால் அவர்கள் மொழி அறிந்து, உடன் தங்கி, மறையுண்மைகளைக் கற்பிக்க ஆளில்லை. கிறிஸ்தவர்கள் என்ற பெயர் இருந்தது, செபம் தெரியவில்லை. 1542 மே மாதம் கோவாவில் வந்திறங்கிய புனித பிரான்சிஸ் சவேரியார், அதே ஆண்டின் பிற்பகுதியில் இக்கடற்கரைக்கு வந்தபோது கண்ட நிலை இதுதான். வந்து ஊற்றிவிட்டுப் போன தண்ணீர் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேறென்ன வேண்டும்?

சவேரியார் என்ன செய்தார்? தமிழும் போர்த்துக்கீசியமும் அறிந்த சிலரைக் கூட்டி வைத்து, செபங்களைத் தமிழாக்கச் செய்து, அவற்றை மனப்பாடம் செய்தார். கையில் மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகச் சென்று சிறுவர் சிறுமியரை அழைத்தார். அவர்கள் கற்றதை வீட்டில் தாய் தந்தையர்க்கும் அண்டை அயலார்க்கும் கற்பித்தார்கள். நோயாளிகளிடம் தாம் போக இயலாதபோது அச்சிறுவர்களையே செபிக்க அனுப்பினார். உலகம் போற்றும் அப்புனிதரின் உதவியாளர்கள் நம் வயதுப் பிள்ளைகளே என்பதை நாம் மறக்கலாகாது!

இங்கே ஒரு சிறு செய்தியைக் கவனிக்க வேண்டும். 1544-ஆம் ஆண்டு, தம் உடன் ஊழியர் மான்சிலாசுக்கு எழுதிய மடலில் சவேரியார் ஒரு திருத்தம் சொல்கிறார். விசுவாசப் பிரமாணத்தைத் தமிழாக்கியபோது, ‘விசுவசிக்கிறேன்’ என்று பொருள்பட வேண்டிய இடத்தில் ‘எனக்கு வேணும்’ என்ற சொல் புகுந்துவிட்டது. ‘வேணும்’ என்பது விருப்பத்தைக் குறிக்கும் சொல். ஆகவே அதை நீக்கி, விசுவாசம் என்ற சொல்லை வைக்க வேண்டும் என்று அவர் எழுதினார்.

நம் கருத்துப்படி, குறுகிய காலப் பயணம் கற்றுத்தரும் முதற் பாடம் முழுவதும் இந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது. புறப்படுகிறவர் பெரும்பாலும் ‘வேணும்’ என்றே புறப்படுகிறார். புதிய நாடு பார்க்க வேணும், நல்லது செய்தோம் என்ற நிறைவு வேணும், நாலு பேர் பாராட்ட வேணும். அங்கே போய் மொழி தெரியாமல் நின்று, ஏழையின் கையால் சோறு வாங்கி உண்டு, தம்மைவிட உறுதியாகச் செபிக்கும் மக்களைக் கண்ட பிறகே ‘விசுவசிக்கிறேன்’ என்று சொல்லக் கற்றுக்கொள்கிறார். புனிதரே தம் சொல்லைத் திருத்திக்கொண்டார் என்றால், இரண்டு வாரப் பயணி பேசுவதைவிட அதிகம் கேட்க வேண்டும் என்பதில் ஐயமென்ன?

நிற்க. சவேரியார் இக்கரையில் தங்கிப் பணிபுரிந்த காலம் ஏறத்தாழ ஈராண்டே. 1545-இல் மலாக்காவிற்குப் புறப்பட்டார். 1549-இல் ஜப்பானை அடைந்தார். 1552 டிசம்பர் 3-ஆம் நாள் சீனத்தின் வாசலில் ஒரு தீவில் உயிர்நீத்தார். அவர் மூட்டிய விளக்கு முத்துக்குளித்துறையில் அணையாமல் இருந்ததற்குக் காரணம், பின்னே வந்து தங்கியவர்கள். அவர்களுள் தலையாயவர் என்றிக்கே என்றிக்கஸ் அடிகளார். 1547-இல் இக்கரைக்கு வந்த அவர், 1600-இல் இறக்கும் வரை, அரை நூற்றாண்டுக்கும் மேலாக இம்மக்களோடு வாழ்ந்தார். தமிழை முறையாகக் கற்றார், இலக்கணம் எழுதினார். 1578-ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சான அவரது ‘தம்பிரான் வணக்கம்’, இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல் என்ற பெருமை பெற்றது. சவேரியாரின் பெயரை நாம் எல்லாரும் அறிவோம். என்றிக்கஸ் அடிகளாரின் பெயரை அறிந்தவர் எத்தனை பேர்?

திராட்சைப் பந்தலின் கீழ் வளரும் ஓடைப்பட்டிப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. நம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. அத்திராட்சையைத் தமிழகத்திற்கு 1832-இல் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுக் குருவானவர் என்று சொல்லப்படுகிறது. கொடியைக் கொண்டுவந்தவர் ஒருவர். அதை நட்டு, பந்தலில் ஏற்றி, கவாத்துச் செய்து, நோய் கண்டபோது மருந்தடித்து, மழை கெடுத்த ஆண்டிலும் மனந்தளராமல் காத்தவர்கள் நம் உழவர்கள். குலை தொங்கும் நாளில் வந்து படம் பிடித்துக்கொண்டு போகிறவர்க்குப் பழத்தின் இனிப்புத் தெரியும். கவாத்துக் கத்தியின் கூர்மை தெரியாது. ஆண்டவர் தம்மைத் திராட்சைக் கொடிக்கும் நம்மைக் கிளைகளுக்கும் ஒப்பிட்டபோது, நிலைத்திருப்பதைப் பற்றியே பேசினார் என்பதையும் நினைவில் கொள்வோம்.

அப்படியானால் இக்குறுகிய பயணங்கள் வீண் என்பதா? விமானச் சீட்டுக்குச் செலவிடும் தொகையில் அவ்வூர்க் கொத்தனார்க்கே கூலி கொடுத்து அச்சுவரை எழுப்பலாமே என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆயினும் பயணத்தை அறவே ஒதுக்குவது சரியன்று. அதற்குச் சரியான பெயர் கொடுத்தால் போதும். கொடுக்கப் போகிறோம் என்று எண்ணாமல், கற்கப் போகிறோம் என்று எண்ணினால் அது ஒரு திருப்பயணம் ஆகும். வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர், வேளாங்கண்ணியைத் திருத்தப் போவதாகச் சொல்வதில்லை அல்லவா? தாம் திருந்தவே போகிறார்.

இன்னொரு பாடமும் உண்டு. 1927-ஆம் ஆண்டு பதினோராம் பத்திநாதர் பாப்பரசர், சவேரியாரோடு இன்னொருவரையும் மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலராக அறிவித்தார். அவரே குழந்தை இயேசுவின் புனித தெரேசம்மாள். வியட்நாமின் ஹனோய் கார்மேல் மடத்திற்குப் போக அவர் ஆசைப்பட்டதுண்டு, உடல்நிலை இடந்தரவில்லை. பதினைந்து வயதில் லிசியே மடத்தில் நுழைந்து, இருபத்துநான்கு வயதில், 1897-இல், அங்கேயே கண்மூடினார். சீனாவிற்குச் சென்ற ஒரு குருவானவரைத் தம் சகோதரராக ஏற்று, கடிதத்தாலும் செபத்தாலும் தாங்கினார். கடல் கடந்து அலைந்தவரையும் மதில் கடவாத கன்னியரையும் திருச்சபை ஒரே பீடத்தில் வைத்தது ஏன்? தூரத்தைக் கொண்டு அன்பை அளக்க முடியாது என்பதால்தான்.

இன்று காற்று எதிர்த்திசையில் வீசுகிறது. நம் நாட்டுக் கன்னியர் ஆப்பிரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பணியாற்றுகிறார்கள். நம் மாணவியருள் சிலர் நாளை செவிலியராகவோ ஆசிரியையாகவோ கடல் கடந்து செல்லக்கூடும். அன்று ‘வேணும்’ என்ற சொல்லோடு மட்டும் போகாதிருக்க, இன்றே பயிற்சி வேண்டும். பயிற்சிக்குக் கடவுச்சீட்டுத் தேவையில்லை. விடியுமுன் ஜீப்பில் ஏறி, மலைமேல் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய், இருட்டியபின் திரும்பும் தாய்மார் நம் பள்ளத்தாக்கில் இருக்கிறார்கள். அவர்கள் வரும்வரை வீட்டில் தனித்திருக்கும் சிறுவரும் முதியோரும் இருக்கிறார்கள். பிழைப்புத் தேடி வடமாநிலங்களிலிருந்து வந்து, தமிழ் தெரியாமல் தவிக்கும் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். நமக்கு அவர்கள் அயல்நாட்டார் போல. அவர்களுக்கு நாம் அயல்நாட்டார்.

ஆகவே, அன்பார்ந்த மாணவியரே, நாம் முன்வைப்பது இதுவே: ஆளுக்கொரு வீட்டைத் தேர்ந்துகொள்வோம். கிறிஸ்துமஸ் நாளில் கேக்கோடு ஒருமுறை சென்று வருவதோடு நில்லாமல், வாரம் ஒருமுறை, ஆண்டு முழுவதும், அதே வீட்டிற்குச் செல்வோம். அவர்கள் மொழியில் பத்துச் சொற்களையாவது கற்போம். பெற்றோர் இதற்கு இசைவு தர வேண்டும். அருட்சகோதரிகள் வழிகாட்ட வேண்டும். ஓராண்டு முடிவில், நாம் செய்த உதவி என்ன என்ற கணக்கு வேண்டாம். அவர்களிடம் கற்றது என்ன என்று கேட்போம். அதற்கு விடை சொல்ல முடிந்த மாணவி, எந்த நாட்டிற்கும் துணிந்து புறப்படலாம்.