தமிழெழுத்தில் பாலி மெய்கள்: மேற்கோளும் கடன்சொல்லும்

பௌத்தம் சார்ந்த தமிழாய்வுகளில் பாலிச் சொற்களை எழுதும் முறை ஒருமைப்படவில்லை. இஃது அச்சுமுறை பற்றிய சிக்கல் மட்டுமன்று. பொருள்கோள் பற்றிய சிக்கலும் ஆகும் என்பதே இக்கருத்துரையின் துணிபு.

கச்சாயன இலக்கணம் பாலியின் எழுத்துகளை 41 எனக் கொள்கிறது. அவற்றுள் உயிர் 8; மெய் 33. மெய்களுள் 25 ஐந்து வருக்கங்களில் அடங்கும். இவ்வருக்கங்களின் ஐந்து மூக்கொலிகளுக்கும் தமிழில் எழுத்துண்டு. நாவளை ஒலியையும் பல்லொலியையும் தமிழ் தெளிவாகப் பிரிக்கிறது. ளகரமும் இரு மொழிக்கும் பொது. எனவே பாலியை எழுதத் தமிழெழுத்து முற்றிலும் தகுதியற்றது எனல் பொருந்தாது. குறை இரண்டே: ஒலிப்புடைமையும் மூச்சொலியும் தமிழ் வரிவடிவில் வேறுபடுத்தப்படுவதில்லை.

இக்குறையின் விளைவு சிறிதன்று. பாலியில் பற்றினைக் குறிக்கும் சொல்லும், துறவியர் கூட்டத்தைக் குறிக்கும் சொல்லும், சங்கினைக் குறிக்கும் சொல்லும் வெவ்வேறு ககரங்களை உடையவை. தமிழில் மூன்றும் ‘சங்க’ என்றே நிற்கின்றன. முனைவர்பட்ட ஆய்வின் தொடக்கத்தில் மூலத்தைக் குறிக்காது இவ்வாறு எழுதிவைத்த என் குறிப்புகள் சிலவற்றைப் பின்னர் என்னாலேயே பொருள்கொள்ள இயலவில்லை. மனத்தைக் குறிக்கும் சொல்லும் ‘நனைக்கப்பட்டது’ எனப் பொருள்படும் சொல்லும் ‘சித்த’ என ஒன்றாவதும் இத்தகையதே.

பாலி மரபு இவ்வேறுபாட்டை எத்துணை முதன்மையாகக் கருதியது என்பதற்கு வினயபிடகத்தின் உரையாகிய சமந்தபாசாதிகா சான்று. சங்கச் செயல்களுக்குரிய வாசகத்தை ஓதுகையில் மூச்சொலியற்ற மெய்யை மூச்சொலியாகவோ, மூச்சொலியை அஃதற்றதாகவோ ஒலித்தால் அச்செயல் பழுதுபடும் என அது விதிக்கிறது. ஒருவரது துறவேற்பின் செல்லுபடியே ஒரு மெய்யின் ஒலிப்பைச் சார்ந்திருந்தது என்பது இதன் பொருள்.

வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தால் எழுதுதலே தொல்காப்பிய நெறி என இங்கு மறுப்பு எழலாம். அந்நெறி எச்சவியலில் செய்யுட்குரிய சொற்களை வகுக்குமிடத்துக் கூறப்படுவது. தமிழுக்குள் வந்து தமிழாகிவிட்ட சொற்களுக்கு உரியது. சங்கம், சீலம் முதலியவற்றை அந்நெறிப்படி எழுதுவதில் தடையில்லை. ஆனால் ஆய்வாளர் பாலி மூலத்தை மேற்கோளாகத் தரும்போது அது கடன்சொல் அன்று, பிறமொழிச் சான்று. சான்றின் வடிவத்தை மாற்றும் உரிமை ஆய்வாளருக்கு இல்லை.

ஆகவே, கடன்சொல்லைத் தமிழ் மரபுப்படியும், மேற்கோளை வடமொழிப் பதிப்புகளில் பயின்றுவரும் மேலெண் முறைப்படியும் எழுதலாம். அவ்வாறெழுதின் பற்று ‘ஸங்க³’ எனவும், துறவியர் கூட்டம் ‘ஸங்க⁴’ எனவும், சங்கு ‘ஸங்க²’ எனவும் பிரிந்து நிற்கும். சகரத்தை வல்லொலிக்கே உரியதாக்கி, உரசொலிக்கு ஸகரத்தை ஆளுதல் வேண்டும். பாலியில் ஷகரம் இல்லையாதலின் ‘பிக்ஷு’ என்பது சமற்கிருத வடிவமே; பாலி மேற்கோளில் ‘பி⁴க்கு²’ என்பதே பொருந்தும்.

பிறப்பியலில் ஒலிகளின் பிறப்பிடத்தை நுணுகி ஆய்ந்த மரபினர் நாம். பிறமொழிச் சான்றுக்கும் அந்நுணுக்கத்தை நல்குதல் நம் ஆய்வறத்தின் பாற்பட்டது.