சண்டித்தனமா, சங்கடமா?

தென்காசி ரயிலடியில் ஜட்கா பிடித்து, குற்றாலம் வழியாக ஐந்தருவிக்குப் போன காலம் ஒன்று உண்டு. வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். கதை கதையாகச் சொல்வார்கள். புறப்படும்போது ஜல் ஜல்லென்று பாய்ந்த குதிரை, சித்திரை வெயிலில் பாதி வழியிலேயே நடை தளர்ந்துவிடும். "சண்டிக் குதிரை!" என்று சவுக்கைச் சொடுக்குவார் வண்டிக்காரர். குதிரைக்குப் பேச வந்தால் என்ன சொல்லியிருக்கும்?

"என் உடம்பே ஓர் அடுப்பு, ஐயா!" என்றிருக்கும். அதன் தசைகள் செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறையக் கால் பங்குதான் ஓட்டமாகிறது; மீதி முக்கால் பங்கும் உஷ்ணம்! அதைத் தணிக்க, நம்மைப்போலவே குதிரையும் வியர்க்கிறது. கடும் உழைப்பில் மணிக்குப் பத்து லிட்டர்கூட வியர்வை போய்விடும். ஆனால் வியர்வை காய்ந்தால்தானே உடம்பு குளிரும்? காற்றில் ஈரம் மிகுந்தால் அது வீணாகச் சொட்டுகிறது. சாதாரணமாக 38 டிகிரி செல்ஷியஸ் இருக்கும் உடற்சூடு 40-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் ஆபத்து. ஆகவே குதிரை வேகத்தைக் குறைக்கிறது. சோம்பல் அல்ல, தற்காப்பு!

இன்னொரு விந்தை கேளுங்கள். நம் வியர்வையில் ரத்தத்தைவிட உப்பு குறைவு. அதனால் வியர்க்க வியர்க்க ரத்தத்தில் உப்பு மிஞ்சி, நாக்கு வறள்கிறது. குதிரைக்கோ தண்ணீரோடு உப்பும் சேர்ந்தே போய்விடுகிறது. உடம்பு வற்றிய பிறகும் தாகம் தெரியாமல், வாளியைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். "குடிக்கவில்லையே, தாகம் இல்லை போலும்" என்று நாம் ஏமாந்துவிடக் கூடாது. நிழலில் நிறுத்தி, அடிக்கடி தண்ணீர் காட்ட வேண்டும். தீனியில் உப்பும் சேர்க்க வேண்டும்.

ஓடி வந்த குதிரைமேல் குளிர்ந்த நீர் படக் கூடாது என்று பழைய நம்பிக்கை ஒன்று உண்டு. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கை முன்னிட்டு நடந்த ஆராய்ச்சிகள் அது வீண் பயம் என்று காட்டின. தாராளமாக ஊற்றலாம்.

நம் நாட்டுச் சட்டமும் குதிரையின் பக்கம்தான். வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில், பகல் 12 முதல் 3 மணி வரை வண்டியில் பூட்டக் கூடாது; ஓய்வின்றித் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்கின்றன 1965-ஆம் ஆண்டு விதிகள்.

மெரீனாவிலோ கொடைக்கானலிலோ உங்கள் குழந்தையைக் குதிரைமேல் ஏற்றுமுன் அதை ஒரு கணம் பாருங்கள். மூச்சு இரைக்கிறதா? தலை தொங்குகிறதா? சவாரி சற்றுப் பொறுக்கட்டும். ஐந்தருவியில் தலையைக் கொடுத்து 'அப்பாடா!' என்கிறோமே, அந்தச் சுகத்தில் ஒரு வாளி அதற்கும் கிடைக்கட்டுமே!