'சிமுலேட்டர்ல ஓட்டிப் பார்த்துட்டோம்'... விமான விபத்து வீடியோக்களை நம்பலாமா? வானிலை, எடை செட்டிங்கில் என்ன இருக்கு?

எங்காவது ஒரு விமானம் விழுந்தால் போதும். அடுத்த சில மணி நேரத்தில் யூடியூபில் வீடியோக்கள் வரிசை கட்டி வரும். "அதே விமானம், அதே ரன்வே... சிமுலேட்டர்ல ஓட்டிப் பார்த்துட்டோம், இதுதான் காரணம்!" என்று தலைப்பு இருக்கும். 2025 ஜூன் 12-ம் தேதி அகமதாபாத்தில் ஏர் இந்தியா 171 விமானம் விழுந்தபோதும் இதுதான் நடந்தது. விமானத்தில் இருந்த 242 பேரில் 241 பேரும், தரையில் இருந்த 19 பேரும் உயிரிழந்த விபத்து அது. வெயில் அதிகம், எடை அதிகம், இறக்கையில் உள்ள ஃபிளாப்பை விமானிகள் சரியாக வைக்கவில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்.

பார்ப்பதற்கு நிஜம் போலவே இருக்கும் இந்த வீடியோக்களை எந்த அளவுக்கு நம்பலாம்?

சிமுலேட்டர் தானாக எதையும் கண்டுபிடிப்பதில்லை. நாம் கொடுக்கும் எண்களை வைத்து கணக்குப் போட்டு, விமானம் எப்படி நடந்துகொள்ளும் என்று காட்டுகிறது. அந்த எண்களில் முக்கியமானவை இரண்டு இடங்களில் இருக்கு. ஒன்று வானிலை மெனு, இன்னொன்று எடை மெனு.

வானிலை செட்டிங்: வெயில் அடித்தால் விமானத்துக்கு என்ன?

மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர், எக்ஸ்-பிளேன் போன்ற வீட்டு சிமுலேட்டர்களில் வானிலையை இரண்டு விதமாக வைக்கலாம். 'லைவ் வெதர்' என்று கொடுத்தால், அந்த இடத்தில் இப்போதுள்ள வானிலை வரும். இல்லையென்றால் காற்றின் திசை, வேகம், வெப்பநிலை, காற்றழுத்தம், மேகம் எல்லாவற்றையும் நாமே நிரப்பணும்.

சிக்கல் இங்கேதான். நேற்று நடந்த விபத்தை இன்றைய லைவ் வெதரில் ஓட்டினால், அது நேற்றைய வானிலை கிடையாது. எண்களைத் தொடாமல் 'தெளிவான வானம்' என்று மட்டும் தேர்வு செய்தால், கிடைப்பது பெரும்பாலும் ஏட்டில் உள்ள 'ஸ்டாண்டர்ட்' வானிலைதான். அதில் கடல் மட்டத்தில் வெப்பநிலை 15 டிகிரி செல்சியஸ். அகமதாபாத்தில் அன்று சுமார் 37 டிகிரி.

வெயிலில் காற்று லேசாகிடும். இறக்கைக்குக் கிடைக்கும் தூக்குவிசையும் குறையும், இன்ஜினின் உந்துதலும் குறையும். விமானிகள் போடும் ஒரு தோராயக் கணக்குப்படி, ஒரு டிகிரி கூடினால் விமானம் 120 அடி கூடுதல் உயரத்தில் இருப்பது போல நடந்துகொள்ளும். 22 டிகிரி கூடினால்? தரையில் நிற்கும்போதே சுமார் 2,600 அடி உயரத்தில் இருப்பது போலத்தான் அதற்கு. ஓடுபாதையில் அதிக தூரம் ஓடணும், ஏறும் வேகமும் குறையும்.

இது ஏட்டுக் கணக்கு மட்டும் கிடையாது. 2017 ஜூனில் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் வெப்பம் 48 டிகிரியைத் தாண்டும் என்று கணிக்கப்பட்டதால், 40-க்கும் மேற்பட்ட சிறிய ரக விமான சேவைகள் ரத்து செய்யப்பட்டன.

எடை செட்டிங்: எவ்வளவு, எங்கே?

அடுத்தது எடை. பயணிகள், லக்கேஜ், எரிபொருள் எல்லாவற்றையும் தனித்தனியாக நிரப்பணும். ஏர் இந்தியா 171 கிளம்பும்போது அதன் எடை 2,13,401 கிலோ என்கிறது, விபத்தை விசாரிக்கும் ஏஏஐபி அமைப்பின் முதற்கட்ட அறிக்கை. இதில் எரிபொருள் மட்டும் 54,200 கிலோ. அதாவது மொத்த எடையில் நான்கில் ஒரு பங்கு. வீடியோ எடுப்பவர் இந்த எரிபொருளில் பாதியை மட்டும் நிரப்பி ஓட்டினால், நிஜ விமானத்தை விட 27 டன் குறைவான விமானத்தைத்தான் நமக்குக் காட்டுகிறார். அது சர்ரென்று மேலே ஏறத்தான் செய்யும்!

மொத்த எடை சரியாக இருந்தால் போதுமா? போதாது. எடை எங்கே இருக்கு என்பதும் முக்கியம். பின்பக்கம் பாரம் கூடினால் மூக்கு தூக்கும், விமானத்தைக் கட்டுப்படுத்துவது சிரமமாகும்.

2003 ஜனவரி 8-ல் அமெரிக்காவின் சார்லட் நகரில் ஏர் மிட்வெஸ்ட் 5481 என்ற சிறிய விமானம் கிளம்பிய உடனேயே விழுந்து, அதிலிருந்த 21 பேரும் இறந்தார்கள். பராமரிப்பில் நடந்த தவறால், விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர் முழுதாக அசையவில்லை. அதோடு பாரமும் பின்பக்கம் அளவுக்கு மேல் இருந்தது. பயணிகளுக்குப் போட்ட சராசரி எடைக் கணக்கு, உண்மையான எடையை விடக் குறைவு என்பது விசாரணையில் தெரியவந்தது. அதன்பிறகு அந்த சராசரியையே அமெரிக்கா உயர்த்தியது.

அப்போ சிமுலேட்டரே வேஸ்ட்டா?

இல்லவே இல்லை. சரியான எண்களைக் கொடுத்தால் அது உயிர் காக்கும் கருவி. 1985 ஆகஸ்ட் 2-ல் டல்லாஸில் தரையிறங்கப் போன டெல்டா 191 விமானம், இடிமேகத்திலிருந்து கீழே பாய்ந்த காற்றில் சிக்கி விழுந்தது. 137 பேர் பலி. எதிர்க்காற்று திடீரென பின்காற்றாக மாறும் 'விண்ட் ஷியர்' ஆபத்து அது. அதன்பிறகு இந்தக் காற்றைச் சமாளிக்கும் பயிற்சி அமெரிக்காவில் கட்டாயமானது. நிஜ விமானத்தில் பழகிப் பார்க்க முடியாத இந்த ஆபத்தை, விமானிகள் சிமுலேட்டரில்தான் பழகுகிறார்கள். அவை அரசு அமைப்புகள் சோதித்துச் சான்று கொடுத்த பயிற்சி சிமுலேட்டர்கள். வீட்டு கம்ப்யூட்டரில் ஓடும் கேம் வேறு, அவை வேறு.

நிபுணர்கள் ஓட்டினாலும் தப்பு வருமா?

வரும். 2009 ஜனவரி 15-ல் பறவைகள் மோதி இரண்டு இன்ஜினும் செயலிழந்த விமானத்தை நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் இறக்கி, 155 பேரையும் காப்பாற்றினார் கேப்டன் சல்லன்பர்கர். விசாரணையின்போது அந்தச் சூழலை பிரான்ஸில் உள்ள ஏர்பஸ் சிமுலேட்டரில் ஓட்டிப் பார்த்தார்கள். பறவை மோதிய உடனே திரும்பிய முயற்சிகளில் சில, பத்திரமாக ரன்வேக்குப் போய்ச் சேர்ந்தன. 'அப்போ கேப்டன் ஆற்றில் இறக்கியது தப்பா?' என்ற கேள்வி வந்தது. ஆனால், என்ன நடந்தது என்று புரிந்து முடிவெடுக்க ஒரு மனிதருக்குத் தேவைப்படும் நேரமாக 35 விநாடியைச் சேர்த்து ஓட்டியபோது, விமானம் ரன்வேக்குப் போய்ச் சேரவில்லை. அந்த 35 விநாடி எந்த மெனுவிலும் இல்லை!

அகமதாபாத் விஷயத்தில் என்ன ஆச்சு?

2025 ஜூலையில் வந்த முதற்கட்ட அறிக்கை, எடை அனுமதித்த 2,18,183 கிலோவுக்குள்தான் இருந்தது என்கிறது. ஃபிளாப்பும் கிளம்புவதற்கு வழக்கமான நிலையில்தான் இருந்தது. கிளம்பிய சில விநாடிகளில் இரண்டு இன்ஜினுக்குமான எரிபொருள் சுவிட்சுகள், ஒரு விநாடி இடைவெளியில் அடுத்தடுத்து 'கட்ஆஃப்' நிலைக்குப் போயின என்பதும் அதில் பதிவாகியிருக்கு. ஏன் அப்படி ஆனது என்று அந்த அறிக்கை சொல்லவில்லை. வானிலையையும் எடையையும் எத்தனை முறை மாற்றி ஓட்டினாலும் இந்தக் கேள்விக்கு பதில் கிடைக்காது.

அடுத்த முறை வீடியோ பார்க்கும்போது...

நாலு கேள்வி கேளுங்க. அன்றைய வெப்பநிலையும் காற்றும் போட்டிருக்காங்களா? எடை, எரிபொருள், பாரம் இருந்த இடம் எல்லாம் எங்கிருந்து எடுத்தாங்க? ஓட்டியது பயிற்சி சிமுலேட்டரா, கேமா? விமானி யோசிக்கும் நேரத்தைச் சேர்த்தாங்களா? இதற்கு வீடியோவில் பதில் இல்லையென்றால், அது நல்ல கிராஃபிக்ஸ் மட்டும்தான், ஆதாரம் கிடையாது.

விபத்தில் இறந்த விமானிகள் எழுந்து வந்து விளக்கம் சொல்ல முடியாது. அவர்கள் குடும்பத்தினர் கையிலும் மொபைல் இருக்கு. விசாரணை முடியும் முன் 'விமானி தப்பு' என்று ஒரு வீடியோவை ஃபார்வர்ட் செய்வதற்கு முன், அந்த நாலு கேள்வியை ஒருமுறை யோசிச்சுப் பாருங்க.